லைப்ரரிக்கு எந்த உரிமம்?

எழுதிய நிரலை எந்த உரிமத்தில் வெளியிடுவது என்று இளம் நிரலாளர்கள் தொடர்ந்து கேட்கிறார்கள். இந்த முறை முழுக்க அதற்கே. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செயலி தனியாக நிற்கும். லைப்ரரி அடுத்தவர் நிரலுக்குள் போய் உட்காரும், அதன் உரிமமும் கூடவே போகும். அதனால் உங்கள் விருப்பத்தோடு, அதை எடுத்துப் பயன்படுத்தப்போகிறவரின் நிலைமையையும் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கேள்வி: தமிழ்ச் சொற்களின் வேரைப் பிரிக்கும் பைத்தான் லைப்ரரி ஒன்றை எழுதி, கிட்ஹப்பில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டேன். அது போதாதா? உரிமம் என்று தனியாக எதற்கு?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

பதில்: போதாது. எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்புகளின் வரிசையில் வைக்கிறது. கதை எழுதியவருக்கு உள்ளதுபோலவே உங்களுக்கும் ஆயுள் முழுக்க, அதற்குப் பின் 60 ஆண்டுகள். ஆகவே நீங்கள் வாய் திறக்காமல் இருந்தால், ‘எல்லா உரிமையும் எனக்கே’ என்று சொன்னதாகத்தான் அர்த்தம்.

கிட்ஹப்பின் விதிகள் மற்றவர்கள் உங்கள் நிரலைப் பார்க்கவும், அந்தத் தளத்துக்குள் ஃபோர்க் செய்யவும் இடம் தருகின்றன. அவ்வளவுதான். தன் நிரலில் சேர்த்துக்கொள்ள, திருத்தி வெளியிட, விற்க யாருக்கும் அனுமதி கிடைப்பதில்லை. இதனால் நடப்பது என்ன? சட்டத்தை மதிக்கிறவர்கள் உங்கள் லைப்ரரியைத் தொடமாட்டார்கள். மதிக்காதவர்கள் மட்டும் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் யாருக்காக எழுதினீர்களோ அவர்களைத் தள்ளி நிறுத்திவிட்டீர்கள். இன்றைக்கே ஓர் உரிமத்தைச் சேருங்கள்.

கேள்வி: ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சனி, ஞாயிறில் சொந்த லேப்டாப்பில் எழுதிய லைப்ரரி என்னுடையதுதானே?
(பெங்களூரு வாசகர்)

பதில்: உரிமத்தைத் தேடுவதற்கு முன்பே இதைக் கேட்டீர்களே, அது நல்லது. வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலை கொடுத்தவரே முதல் உரிமையாளர் என்கிறது பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு. வேலைக்குச் சம்பந்தமில்லாமல் சொந்த நேரத்தில் எழுதியது அதில் வராது. ஆனால் உங்கள் நியமனக் கடிதம் சட்டத்தைவிட அகலமாகக் கை நீட்டியிருக்கலாம். வேலையில் இருக்கும் காலத்தில் நீங்கள் உருவாக்கும் எல்லாமே கம்பெனிக்கு என்று எழுதியிருக்கும் ஒப்பந்தங்கள் உண்டு. கடிதத்தை எடுத்துப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் மேலதிகாரியிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். இரண்டு வரி மின்னஞ்சல் போதும். உங்களிடம் இல்லாத உரிமையை நீங்கள் ஊருக்குக் கொடுக்க முடியாது, கொடுத்ததாக நம்பி வாங்கியவர்தான் பிறகு மாட்டிக்கொள்வார்.

கேள்வி: எம்.ஐ.டி. உரிமமா, அப்பாச்சி உரிமமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
(சேலம் வாசகர்)

பதில்: அப்பாச்சி.

காரணம் கொஞ்சம் நீளம். இரண்டுமே தாராளமானவை. எடுத்துக்கொள், மாற்று, விற்று லாபம் பார், உன் மூலநிரலைக் காட்ட வேண்டாம், என் பெயரை மட்டும் விட்டுவை. எம்.ஐ.டி.யை ஒரே மூச்சில் படித்துவிடலாம், அதுவே அதன் அழகு. ஆனால் பேடண்ட் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. 2004 ஜனவரியில் வந்த அப்பாச்சி 2.0 அதைத் தெளிவாகப் பேசுகிறது. நிரலைக் கொடுத்தவர், அந்த நிரலில் அடங்கிய தன் பேடண்ட்டுகளைப் பயன்படுத்தும் அனுமதியையும் சேர்த்தே கொடுக்கிறார். இந்த நிரலே தன் பேடண்ட்டை மீறுகிறது என்று யாராவது வழக்குப் போட்டால், அதற்காக அவருக்குக் கிடைத்த பேடண்ட் அனுமதி அன்றோடு போய்விடும்.

பேடண்ட் விஷயத்தில் ஒரு வரி தடித்துப்போனால் என்ன ஆகும் என்பதற்கு ரியாக்ட் கதையைப் பாருங்கள். ஃபேஸ்புக் அந்த லைப்ரரியை, எம்.ஐ.டி. போலவே தாராளமான பி.எஸ்.டி. உரிமத்தோடு தனியாக ஒரு பேடண்ட் பத்திரத்தையும் இணைத்து வெளியிட்டிருந்தது. ரியாக்ட்டுக்குத் துளியும் தொடர்பில்லாத பேடண்ட்டுக்காக ஃபேஸ்புக் மீது வழக்குப் போட்டாலும் அந்த அனுமதி ரத்து. 2017 ஜூலையில் அப்பாச்சி அறக்கட்டளை தன் திட்டங்களில் இந்த உரிமம் கூடாது என்றது. செப்டம்பரில் வேர்ட்பிரஸ்ஸும் ரியாக்ட்டைக் கைவிடப்போவதாக அறிவித்தது. அதே மாதம் ஃபேஸ்புக் இறங்கிவந்து, ரியாக்ட்டை எம்.ஐ.டி.க்கு மாற்றியது. இத்தனை பெரிய கம்பெனியின் இத்தனை புகழ்பெற்ற லைப்ரரியே உரிமத்தின் ஒரு நிபந்தனையால் ஆட்டம் கண்டது.

அப்பாச்சியில் ஒரு முள் உண்டு. கலந்த நிரலையும் திறக்கச் சொல்லும் ஜி.பி.எல். உரிமத்தின் 3-ஆம் பதிப்புடன் அது சேரும், 2-ஆம் பதிப்புடன் மட்டும் நிற்கும் நிரல்களோடு சேராது. ரஸ்ட் மொழிக்காரர்கள் இதற்கு ஓர் அருமையான வழக்கம் வைத்திருக்கிறார்கள். ‘எம்.ஐ.டி. அல்லது அப்பாச்சி 2.0, எது உங்களுக்குச் சௌகரியமோ அது’ என்று இரண்டையும் சேர்த்தே கொடுத்துவிடுவார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம்.

கேள்வி: எம்.ஐ.டி. போட்டால், எவனாவது என் பெயரை அழித்துவிட்டு விற்றுவிட மாட்டானா?
(ஈரோடு வாசகர்)

பதில்: விற்கலாம். பெயரை அழிக்க முடியாது. உங்கள் பதிப்புரிமை வரியும் உரிம வாசகமும் ஒவ்வொரு நகலிலும் இருக்க வேண்டும் என்பதே எம்.ஐ.டி. கேட்கும் ஒரே கூலி. அதைத் தராதவருக்கு அனுமதியே இல்லை.

இது நீதிமன்றத்தில் நிற்குமா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. 2008-ல் அமெரிக்காவில் ஜேக்கப்சன் எதிர் காட்சர் என்ற வழக்கு அதைத் தீர்த்தது. பொம்மை ரயில்களை இயக்கும் ஜாவா நிரல் ஒன்று ஓப்பன் சோர்ஸாக வெளியாகியிருந்தது. அதன் கோப்புகளை வேறொருவர் எழுதியவர் பெயரில்லாமல் தன் விற்பனைப் பொருளில் சேர்த்துவிட்டார். இலவசமாகக் கொடுத்ததில் என்ன நிபந்தனை என்பது எதிர்த்தரப்பு வாதம். பணம் வாங்காவிட்டாலும் நிபந்தனை நிபந்தனைதான், மீறினால் அது பதிப்புரிமை மீறல் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். பொம்மை ரயில் ஓட்டிய பொழுதுபோக்குக்காரர்கள் உலகத்து நிரலாளர்கள் எல்லோருக்குமாக வாங்கித் தந்த தீர்ப்பு இது. நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: விளம்பரத்திலும் என் பெயரைப் போட வேண்டும் என்று கேட்கலாமா?
(அதே ஈரோடு வாசகர்)

பதில்: பெர்க்லி பல்கலைக்கழகம் அப்படிக் கேட்டுப் பார்த்தது. பழைய பி.எஸ்.டி. உரிமத்தில் அந்த விதி இருந்தது. அதைப் பார்த்து எழுதியவர்கள் ஒவ்வொருவரும் பெர்க்லி பெயர் இருந்த இடத்தில் தங்கள் பெயரைப் போட்டுக்கொண்டார்கள். 1997-ல் நெட்பி.எஸ்.டி. இயங்குதளத்தின் ஒரு பதிப்பில், ஜி.பி.எல்.லை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன் எண்ணிப் பார்த்தபோது அப்படிப்பட்ட நன்றி வாசகங்கள் 75 இருந்தன. 1999-ல் பெர்க்லியே அந்த விதியை நீக்கியது. நீங்கள் திரும்பக் கொண்டுவர வேண்டாம்.

கேள்வி: ஜி.பி.எல். லைப்ரரியைச் சேர்த்தால் நம் நிரல் முழுவதிலும் அது ‘தொற்றிக்கொள்ளும்’ என்கிறார் என் மேலாளர். உண்மையா?
(மதுரை வாசகி)

பதில்: பாதி உண்மை, ‘தொற்று’ என்ற சொல் முழுத் தப்பு. 2001-ல் மைக்ரோசாஃப்ட்டின் தலைமை அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டார். அந்தப் பேச்சின் எச்சம் இன்னும் அலுவலகங்களில் உலவுகிறது. எனக்கு ஜி.பி.எல். உறைமோர் மாதிரி. ஒரு கரண்டி விட்டால் பாத்திரம் முழுக்கத் தயிராகும். தெரிந்துதான் விடுகிறோம். ஜி.பி.எல். லைப்ரரியோடு கலந்த நிரலை வெளியாருக்குக் கொடுக்கும்போது, முழு நிரலையும் அதே உரிமத்தில், மூலநிரலோடு கொடுக்க வேண்டும். நான் பெற்ற சுதந்திரம் எனக்கு அடுத்தவருக்கும் குறையாமல் போக வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த நோக்கம் எனக்குப் பிடித்தமானது.

தயிரைத் திரும்பப் பாலாக்க முடியாது. ஆனால் நிரலிலிருந்து லைப்ரரியை எடுத்துவிடலாம். உங்கள் கம்பெனியின் நிரல் தானாக ஜி.பி.எல். ஆகிவிடுவதில்லை. உரிமத்தை மீறியதற்குப் பதில் சொல்ல வேண்டிவரும், அவ்வளவுதான். இனிமேலும் விநியோகிக்க வேண்டுமானால் மூலநிரலைக் கொடுக்கலாம், அல்லது அந்த லைப்ரரியைக் கழற்றிவிடலாம். கம்பெனிக்குள்ளேயே வைத்துப் பயன்படுத்தினால் யாருக்கும் எதையும் காட்ட வேண்டியதில்லை.

தெரியாமல் கலந்துபோவதுதான் ஆபத்து. 2021 மார்ச்சில் ரூபி மொழிக்காரர்களுக்கு அது நேர்ந்தது. ஒரு கோப்பு படமா, பி.டி.எஃப்-ஆ என்று கண்டுபிடித்துச் சொல்லும் மைம்மேஜிக் என்ற சின்ன லைப்ரரி எம்.ஐ.டி. என்று அறிவித்துக்கொண்டிருந்தது. அதற்குள் இருந்த தரவுக் கோப்போ ஜி.பி.எல். 2 திட்டம் ஒன்றிலிருந்து வந்தது. யாரோ சுட்டிக்காட்ட, அதைப் பராமரித்தவர் உரிமத்தைத் திருத்தி, பழைய பதிப்புகளை விலக்கிக்கொண்டார். ரூபியில் இணையச் செயலிகள் கட்ட உதவும் ரெயில்ஸ் அந்தச் சின்ன லைப்ரரி மேல்தான் நின்றுகொண்டிருந்தது. ரெயில்ஸை நிறுவ முயன்றவர்களுக்கெல்லாம் வேலை நின்றது. சில நாட்களிலேயே ரெயில்ஸ் அதைக் கைவிட்டுப் புதுப் பதிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. ஆகவே உங்கள் லைப்ரரிக்கு உரிமம் எழுதும் முன், அதற்குள் ஏற்கெனவே யார் யாருடைய உரிமங்கள் உட்கார்ந்திருக்கின்றன என்று பாருங்கள். நிரலை மட்டுமல்ல, தரவுக் கோப்புகளையும்.

கேள்வி: அப்படியானால் லைப்ரரிக்கு ஜி.பி.எல். போடவே கூடாதா?
(சென்னை வாசகர்)

பதில்: போடலாம், உங்களிடம் இருப்பது வேறு எங்கும் கிடைக்காது என்றால்.

இதற்கு நல்ல ஆசிரியர் ஜி.பி.எல்.லை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மன்தான். அவரைப் பிடிவாதக்காரர் என்று சொல்வார்கள். லைப்ரரி விஷயத்தில் அவர் எடுத்த முடிவுகளைப் பார்த்தால், கொள்கையில் உறுதியும் வழியில் நிதானமும் தெரியும். கட்டளை வரியில் மேல் அம்பை அழுத்தினால் பழைய கட்டளை திரும்ப வருகிறதே, அதைச் செய்யும் லைப்ரரிகளில் பெயர்பெற்றது ரீட்லைன். ஸ்டால்மன் தொடங்கிய க்னூ திட்டம் அதை ஜி.பி.எல்.லில் வைத்தது. 1990-களின் தொடக்கத்தில் கிளிஸ்ப் என்ற லிஸ்ப் மொழி நிரலை எழுதியவர்கள் ரீட்லைனைப் பயன்படுத்திக்கொண்டு, தங்கள் நிரலை வேறு விதிகளில் கொடுத்தார்கள். ஸ்டால்மன் கடிதம் எழுதினார், பதில் வந்தது, வாதம் நீண்டது. கடைசியில் கிளிஸ்ப் முழுவதும் ஜி.பி.எல்.லுக்கு வந்தது. ஒரு லைப்ரரியின் உரிமம் ஒரு மொழி நிரலையே கட்டற்ற மென்பொருளாக்கிவிட்டது.

அதே க்னூ திட்டம் சி மொழியின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியை, மூடிய நிரலோடும் இணைய விடும் எல்.ஜி.பி.எல்.லில் வைத்தது. ஏன்? சி லைப்ரரி எல்லா யூனிக்ஸிலும் ஏற்கெனவே இருந்தது. ஜி.பி.எல். போட்டால் மூடிய நிரல் எழுதுகிறவர்கள் மனம் மாறமாட்டார்கள், க்னூ பக்கமே வராமல் போய்விடுவார்கள். ஆக் வார்பிஸ் ஒலி வடிவத்தின் லைப்ரரி 2001-ல் பி.எஸ்.டி. மாதிரியான உரிமத்துக்கு மாறியபோதோ, ஸ்டால்மன் அதை வெளிப்படையாக ஆதரித்தார். அப்போது எம்.பி.3 பேடண்ட்டுகளின் பிடியில் இருந்தது. பேடண்ட் தொல்லையில்லாத ஒரு வடிவம் எல்லாக் கருவிகளிலும் ஏற வேண்டும் என்பதே அங்கே பெரிய வெற்றி.

ஜி.பி.எல்., எல்.ஜி.பி.எல்., பி.எஸ்.டி. என்று மூன்று லைப்ரரிக்கு மூன்று உரிமம். மூன்றையும் அவர் ஒரே கேள்வியால் அளந்தார்: இந்த உரிமத்தால் பயனாளரின் சுதந்திரம் கூடுமா? ரீட்லைனுக்கும் பிறகு போட்டி வந்தது. பி.எஸ்.டி. பக்கத்தில் லிபெடிட் என்ற மாற்று இருக்கிறது. போட்டி வந்த பிறகு ஜி.பி.எல்.லின் பேரம் பேசும் பலம் குறைகிறது. தேதியைப் பிரிக்கும் லைப்ரரி, ஜேசன் படிக்கும் லைப்ரரி போன்றவற்றுக்கு ஜி.பி.எல். போட்டால் யாரும் எதிர்க்கமாட்டார்கள், சீந்தவும் மாட்டார்கள். வருடக்கணக்கில் உழைத்து, வேறு யாரிடமும் இல்லாத ஒன்றைச் செய்திருந்தால் தயங்காமல் போடுங்கள்.

கேள்வி: ரஸ்ட் மொழியில் எழுதுகிறேன். யாராவது என் லைப்ரரியை மேம்படுத்தினால் அது எனக்குத் திரும்ப வர வேண்டும், ஆனால் அவர்களுடைய சொந்த நிரலை நான் கேட்கவில்லை. எல்.ஜி.பி.எல். சரிவருமா?
(கோவை வாசகர்)

பதில்: உங்கள் நோக்கத்துக்குச் சரி, உங்கள் மொழிக்குச் சிரமம். பயனாளர் லைப்ரரியைத் தானே திருத்தி, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்ட முடிய வேண்டும் என்கிறது எல்.ஜி.பி.எல். சி மொழியில் லைப்ரரி தனிக் கோப்பாக இருக்கும்போது இது எளிது. ரஸ்ட்டும் கோவும் வழக்கமாக எல்லாவற்றையும் ஒரே பைனரியாகப் பின்னிவிடுகின்றன. அப்போது மறுபடி இணைத்துக்கொள்வதற்கான ஆப்ஜெக்ட் கோப்புகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். உங்கள் லைப்ரரிக்காக அந்தப் பாடு பட எத்தனை பேர் முன்வருவார்கள்?

மோஸில்லா 2012 ஜனவரியில் வெளியிட்ட எம்.பி.எல். 2.0-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அது கோப்புக் கணக்கில் பேசுகிறது. உங்கள் கோப்பைத் திருத்தி வெளியிட்டால் அந்தக் கோப்பின் மூலநிரலைக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் அவர்கள் புதிதாக எழுதிய கோப்பு அவர்களுடையது. எப்படி இணைத்தார்கள் என்ற கேள்வியே எழாது. பொதுவாக ஜி.பி.எல்.லோடும் ஒத்துப்போகும். அதன் தகுதிக்கு ஏற்ற கவனம் அதற்குக் கிடைக்கவில்லை என்பது என் அபிப்பிராயம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். மூலநிரல் அதை வாங்குகிறவருக்குத்தான் கிடைக்க வேண்டும், உங்களுக்கு அஞ்சலில் வர வேண்டும் என்று இந்த உரிமங்கள் எதுவும் கட்டாயப்படுத்துவதில்லை.

கேள்வி: தமிழுக்காகச் செய்யும் லைப்ரரிகளுக்கு நீங்கள் எந்த உரிமத்தைச் சொல்வீர்கள்?
(சிங்கப்பூர் வாசகர்)

பதில்: நிரலுக்குத் தாராளமான உரிமம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கொம்பும் காலும் சேர்ந்த ‘கொ’ திரையில் சரியாக விழுவதற்குப் பின்னால், ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆபிஸ் ஆகியவற்றில் ஹார்ஃப்பஸ் என்ற லைப்ரரி இருக்கிறது. எழுத்துகளை எங்கே வைப்பது, எதை எதோடு சேர்ப்பது என்று கணக்கிடுவது அது. அதன் உரிமம் எம்.ஐ.டி. குடும்பத்தைச் சேர்ந்தது. மூடிய நிரல், திறந்த நிரல் என்று பார்க்காமல் எங்கும் நுழைய முடிந்ததால் தமிழும் கூடவே நுழைந்தது. பைத்தானில் தமிழ் எழுத்துகளைக் கையாள உதவும் ஓப்பன்-தமிழ் லைப்ரரியும் எம்.ஐ.டி.யில்தான் இருக்கிறது. ஆங்கிலத்துக்குப் பத்து மாற்றுகள் இருக்கும் இடத்தில், ஒரு கம்பெனி நம் லைப்ரரியின் உரிமத்தோடு மல்லுக்கட்டாது, தமிழையே விட்டுவிட்டுப் போய்விடும். அந்த வாய்ப்பை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

எதிர்ப்பக்கத்திலும் நியாயம் உண்டு. எழுத்தைக் குரலாக்கும் ஈஸ்பீக் என்.ஜி. ஜி.பி.எல். 3-ல் இருக்கிறது. தமிழையும் அது வாசிக்கிறது. அந்த உரிமத்தோடேயே அது பார்வையற்றோருக்குப் பெரிய துணையாக இருந்துவருகிறது.

தரவு வேறு கணக்கு. சொற்பட்டியலைத் தமிழ் விக்சனரியிலிருந்து எடுத்திருந்தால், அங்கே உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் ‘அதேபோல் பகிர்’ உரிமம் உங்கள் பட்டியலோடும் வரும். நிரலுக்கு அப்பாச்சி என்று எழுதிவிட்டதால் அது போய்விடாது. நிரலுக்கு ஓர் உரிமம், தரவுக்கு ஓர் உரிமம், எழுத்துரு சேர்த்தால் அதற்கு எஸ்.ஐ.எல். எழுத்துரு உரிமம் என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். நிரலுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் போடுகிறவர்களையும் பார்க்கிறேன். அந்த அமைப்பே நிரலுக்கு எங்கள் உரிமங்களைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறது.

கேள்வி: பெரிய கிளவுட் கம்பெனிகள் என் லைப்ரரியை வைத்துச் சம்பாதிக்கும், எனக்கு ஒன்றும் வராது. தடுக்க உரிமம் உண்டா?
(ஹைதராபாத்திலிருந்து தமிழ் வாசகர்)

பதில்: உண்டு, விலையும் உண்டு. 2007 நவம்பரில் வந்த ஏ.ஜி.பி.எல். 3, திருத்திய நிரலை இணையம் வழியாகச் சேவையாகக் கொடுத்தாலே மூலநிரலையும் கொடுக்கச் சொல்கிறது. கூகுள் தன் நிரல்களில் ஏ.ஜி.பி.எல். கூடாது என்றே விதி வைத்திருக்கிறது. பி.டி.எஃப். உருவாக்கும் ஐடெக்ஸ்ட் லைப்ரரி 2009-ல் எல்.ஜி.பி.எல்., எம்.பி.எல். ஆகியவற்றிலிருந்து ஏ.ஜி.பி.எல்.லுக்கு மாறியது. மூலநிரலைத் திறக்க விரும்பாதவர்கள் பணம் கொடுத்துத் தனி உரிமம் வாங்கலாம் என்பது அவர்கள் ஏற்பாடு. நேர்மையான வழி. ஆனால் நிரல் முழுவதன் உரிமையும் உங்கள் கையில் இருந்தால்தான் இப்படி இரண்டு விதமாகக் கொடுக்க முடியும்.

முதலில் தாராளமாகக் கொடுத்துவிட்டு, ஊர் முழுக்கப் பரவிய பிறகு கதவடைப்பதை மட்டும் செய்யாதீர்கள். ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024 மார்ச்சில் பி.எஸ்.டி.யை விட்டு மூடிய பக்கம் நகர்ந்தது. உடனே பழைய பதிப்பை எடுத்து வால்கீ என்று புதுத் திட்டம் தொடங்கினார்கள், லினக்ஸ் அறக்கட்டளை அதற்கு இடம் கொடுத்தது. 2025 மே மாதத்தில் ரெடிஸ் ஏ.ஜி.பி.எல்.லையும் சேர்த்துத் திறந்த பக்கம் திரும்பியது. போனவர்கள் போனவர்கள்தான்.

கேள்வி: என் முக அடையாள லைப்ரரியை மக்களைக் கண்காணிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று உரிமத்தில் எழுதலாமா?
(கொழும்பு வாசகி)

பதில்: உங்கள் மனச்சாட்சியை மதிக்கிறேன். எழுதலாம், ஆனால் அதன் பிறகு அது ஓப்பன் சோர்ஸ் ஆகாது. எந்தத் துறையில் பயன்படுத்தவும் தடை கூடாது என்பது 1998-ல் உருவான ஓப்பன் சோர்ஸ் வரையறையின் பத்து விதிகளில் ஒன்று.

ஜேசனைப் பிரபலப்படுத்திய டக்ளஸ் கிராக்ஃபோர்டு, ஜேசன் படிக்கும் தன் ஜாவா லைப்ரரியின் உரிமத்தில், இதை நன்மைக்குத்தான் பயன்படுத்த வேண்டும், தீமைக்குக் கூடாது என்று ஒரு வரி சேர்த்தார். டெபியன் அதைக் கட்டற்றதாக ஏற்கவில்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும் ஏற்கவில்லை. 2016-ல் அப்பாச்சி அறக்கட்டளையும் விலக்கியது. எது நன்மை என்று யார் தீர்ப்பது? தீமை செய்கிறவர் யாரும் அந்த வரியைப் படித்துவிட்டு நிறுத்தப்போவதில்லை. நல்லது செய்ய வந்தவர்களே வக்கீலைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். 2022-ல் அந்த ஜாவா லைப்ரரி பொதுச்சொத்தாக அறிவிக்கப்பட்டது.

கண்காணிப்பைத் தடுக்க வேண்டிய இடம் சட்டமும் போராட்டமும். முக அடையாளம் காட்டும் நிரலை வெளியிடாமலே இருப்பதும் உங்கள் உரிமைதான். அது ஆபத்து என்று உங்களுக்கு உண்மையாகவே தோன்றினால், எந்த உரிமமும் அந்தப் பாரத்தை உங்களிடமிருந்து இறக்கிவைக்காது. வெளியிடாதீர்கள்.

கேள்வி: உரிமமே வேண்டாம், பொதுச்சொத்து என்று அறிவித்துவிட்டால்?
(தஞ்சாவூர் வாசகர்)

பதில்: உங்கள் போனுக்குள் இருக்கும் எஸ்க்யூலைட் தரவுத்தள லைப்ரரி அப்படித்தான் இருக்கிறது. பதிப்புரிமையைக் கைவிட இந்தியச் சட்டத்தின் 21-ஆவது பிரிவும் வழி தருகிறது, பொது அறிவிப்பு போதும். ஆனால் எல்லா நாடுகளின் சட்டமும் இதை ஏற்பதில்லை. அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள விரும்பும் கம்பெனிகளுக்கு எஸ்க்யூலைட்காரர்கள் உத்தரவாதப் பத்திரத்தை விலைக்கே விற்கிறார்கள். உங்களிடம் அந்த ஏற்பாடு இல்லை. எம்.ஐ.டி. போடுங்கள்.

கேள்வி: இப்போதைக்கு ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு, பிறகு மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?
(திருச்சி வாசகர்)

பதில்: நீங்கள் ஒருவரே எழுதியிருக்கும்வரை நாளைக்கே மாற்றலாம். இரண்டாவது ஆள் ஒரு திருத்தம் அனுப்பி நீங்கள் சேர்த்துக்கொண்ட அன்றே அந்தப் பகுதி அவருடையது. பிறகு அவரையும் கேட்க வேண்டும்.

வீடியோ இயக்கும் வி.எல்.சி. செயலியின் அடிநாதமான லிப்வி.எல்.சி. லைப்ரரி ஜி.பி.எல்.லில் இருந்தது. மற்ற செயலிகளுக்குள் அது போக வேண்டும் என்று எல்.ஜி.பி.எல்.லுக்கு மாற்ற முடிவெடுத்தார்கள். அந்த வேலையைத் தலையில் சுமந்த ஜான்-பாப்டிஸ்ட் கெம்ஃப் 230-க்கும் மேற்பட்ட நிரலாளர்களைத் தேடிப்பிடித்து ஒப்புதல் வாங்க வேண்டியிருந்தது. வருடங்களுக்கு முன் எழுதிவிட்டுப் போனவர்கள், மின்னஞ்சல் மாறியவர்கள் எல்லோரையும் கேட்க வேண்டும். 2012 இறுதியில்தான் பெரும்பகுதி முடிந்தது.

மறைகுறியாக்க லைப்ரரியான ஓப்பன் எஸ்.எஸ்.எல்.லின் கதை இன்னும் நீளம். அதன் பழைய உரிமத்தில் நான் மேலே சொன்ன விளம்பர விதி இருந்தது, ஜி.பி.எல். நிரல்களோடு சேராமல் இடித்தது. 2015-ல் மாற்றப்போவதாக அறிவித்தார்கள். 2017-ல் ஏறக்குறைய 400 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்கள். பதில் வராவிட்டால் ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொள்வோம் என்ற வாசகம் பலரைக் கோபப்படுத்தியது. மௌனத்தைச் சம்மதமாக எடுக்க அவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்ற கேள்வி நியாயமானதே. அப்பாச்சி 2.0-இல் ஓப்பன் எஸ்.எஸ்.எல். 3.0 வெளியானபோது 2021 செப்டம்பர் ஆகிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. மாற்றினாலும் புதிய பதிப்புக்குத்தான் மாறும். பழைய உரிமத்தில் ஏற்கெனவே போனது போனதுதான்.

கேள்வி: உரிமத்தைத் தமிழில் நானே எழுதினால் என்ன?
(புதுச்சேரி வாசகர்)

பதில்: ஆசை நல்ல ஆசை. ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது உரிமம் 23 மொழிகளில் இருக்கிறது, எல்லா மொழி வாசகமும் சமமாகச் செல்லும். ஆனால் அதன் பின்னால் ஓர் ஒன்றியமும் அதன் வக்கீல்களும் நின்றார்கள். நீங்கள் தனியாக எழுதும் உரிமத்தைப் படிக்க உலகில் எந்தக் கம்பெனியும் வக்கீலுக்குக் காசு கொடுக்காது. உரிம வாசகத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் அப்படியே வையுங்கள். அதன் பொருளை விளக்கும் அறிமுகக் கோப்பைத் தமிழில் விரிவாக, அக்கறையோடு எழுதுங்கள்.

கேள்வி: சரி, முடிவு செய்துவிட்டேன். எங்கே எழுதுவது?
(கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: ‘லைசென்ஸ்’ என்ற பெயரில் தலைமைக் கோப்புறையில் ஒரு கோப்பு, அதில் முழு வாசகம். எம்.ஐ.டி. என்றால் ஆண்டும் உங்கள் பெயரும் உள்ள வரியை நிரப்ப மறக்காதீர்கள், அதைக் காலியாக விட்டு வெளியிடுகிறவர்கள் உண்டு. பைத்தான், நோட், ரஸ்ட் எதுவானாலும் பேக்கேஜ் விவரக் கோப்பில் உரிமத்துக்கென்று ஓர் இடம் இருக்கும், அங்கேயும் அதே பெயர். ஒவ்வொரு மூலக் கோப்பின் தலையிலும் உரிமத்தின் பெயரைச் சுருக்கமாகச் சொல்லும் எஸ்.பி.டி.எக்ஸ். குறியீட்டு வரி ஒன்று. உங்கள் ஒரு கோப்பை மட்டும் யாராவது பிரித்து எடுத்துக்கொண்டு போனாலும் உரிமம் அதோடு போகும். வெளியாரின் முதல் திருத்தத்தை ஏற்பதற்கு முன் இதையெல்லாம் முடித்துவிடுங்கள். திருத்தம் அனுப்புகிறவர்கள் லினக்ஸ் கெர்னலில் செய்வதுபோல, இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று ஒவ்வொரு கமிட்டிலும் கையெழுத்து வரி சேர்க்கட்டும்.